படங்களை ஒழுங்குபடுத்தி சொந்தத் தளத்தில் ஏற்றிய கதை

பழைய வன்வட்டுகள், ஓய்வுபெற்ற போன்கள், மெமரி கார்டுகள், அப்புறம் மூடுவிழா கண்ட ஓர் இணைய ஆல்பம் சேவை கடைசியாகக் கொடுத்த ஜிப் கோப்புகள் என்று என் படங்கள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, தேறியவற்றை மட்டும் சொந்த வலைத்தளத்தில் வைப்பது என்று இறங்கினேன். தளம் கட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. நேரத்தையெல்லாம் தின்றது அதற்கு முந்தைய வேலை. அதனால் இந்தப் பதிவிலும் அதற்குத்தான் அதிக இடம்.

அந்த ஜிப்பைத் திறந்து பார்த்ததும் ஒன்று முடிவாகிவிட்டது. படங்கள் ஒரு பக்கம் இருந்தன. அவற்றுக்கு நான் வருடக்கணக்கில் எழுதிய குறிப்புகள் இன்னொரு பக்கம், படத்துக்கு ஒன்றாகத் தனித்தனி ஜேசான் (தரவை எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) கோப்புகளில் இருந்தன. தேதியோ 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிக் கணக்கில், ஒரு நீள எண்ணாக. 2016இல் கூகுள் தன் படத் தொகுப்பு மென்பொருளான பிக்காசாவை நிறுத்தியபோது, அதில் ஜேபெக் படங்களுக்கு எழுதிய குறிப்புகள் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருந்ததால் தப்பித்தன. ஆக, ஒரு படத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது எதுவானாலும் அது அந்தப் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். எந்த மென்பொருளின் தரவுத்தளத்தையும் நம்பக் கூடாது. வலைத்தளத்தையும்தான். தளம் அழிந்தாலும் கோப்புகளிலிருந்து அதை மறுபடி உருவாக்க முடிய வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இதை ஒட்டித்தான் எடுத்தேன்.

முதலில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி ஒரு பெரிய வன்வட்டில் கொட்டி, அந்த அடைவை (ஃபோல்டரை) படிக்க மட்டும் முடிகிறபடி பூட்டினேன். பெயர் மாற்றுவது, அழிப்பது, எழுதுவது எல்லாம் இன்னொரு நகலில்தான். இதைச் செய்யாமல் தொடங்குகிறவர்களுக்குத் துணிச்சல் அதிகம்.

அடுத்தது இரட்டைப் படங்கள். ஒரே படம் போனிலும், போனைக் காப்பெடுத்த வன்வட்டிலும், அந்த வன்வட்டைக் காப்பெடுத்த வன்வட்டிலும் இருக்கும். பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருப்பவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம், எஃப்டியூப்ஸ் போன்ற சின்ன நிரல் போதும். ஆனால் ஒரு நகலில் மட்டும் ஏதோ மென்பொருள் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தால்கூட கோப்பு வேறாகிவிடும், உள்ளே படம் அதேதான் என்றாலும். இங்கே கைகொடுத்தது எக்ஸிஃப்டூல். ஃபில் ஹார்வி என்பவர் 2003 முதல் பராமரித்துவரும், படக் கோப்புக்குள் உள்ள தகவல்களைப் படிக்கவும் எழுதவும் உதவும் இலவசக் கருவி இது. கேட்டால், தகவல் பகுதியை விட்டுவிட்டுப் படத் தரவுக்கு மட்டும் ஹாஷ், அதாவது கைரேகை போன்ற ஓர் எண், கணக்கிட்டுக் கொடுக்கும். இரண்டு கோப்புகளின் பட ஹாஷ் ஒன்றென்றால் அதிகத் தகவல் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம்.

அளவு குறைக்கப்பட்ட நகல்களுக்கு இது உதவாது. அவற்றுக்கு வேறொரு வகை ஹாஷ். படத்தை 9×8 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படமாகச் சுருக்கி, ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியைவிட வெளிச்சமா இருட்டா என்று பார்த்தால் வரிசைக்கு 8 விடை, மொத்தம் 64 பிட். இரண்டு படங்களுக்கு இடையே சில பிட்டுகள் மட்டுமே மாறினால் அவை பெரும்பாலும் ஒரே படம். பெரும்பாலும்தான். தொடர்ச்சியாகச் சொடுக்கிய படங்களும் இந்த வலையில் விழும், அவற்றில் ஒன்றில்தான் எல்லாரும் கண்ணைத் திறந்திருப்பார்கள். எனவே இந்தப் பட்டியலை எந்த நிரலும் தானாக அழிக்க விடவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்தே நீக்கினேன். அலுப்பான வேலைதான்.

<b>தேதி என்னும் தலைவலி</b>

கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியை நம்பவே முடியாது. நகலெடுத்தாலோ ஜிப்பிலிருந்து பிரித்தாலோ அது மாறிவிடக்கூடும். நம்ப வேண்டியது எக்ஸிஃபில், அதாவது கேமரா படக் கோப்புக்குள் எழுதிவைக்கும் தகவலில், உள்ள ‘எடுக்கப்பட்ட நேரம்’. அது 2014:08:17 18:32:05 என்ற வடிவில் இருக்கும், தேதிக்கும் முக்காற்புள்ளிதான். இதில் ஒரு குறை உண்டு. எந்த நேர வலயம் என்பது அதில் கிடையாது. அதைக் குறிக்கத் தனிப் புலங்கள் (தகவல் எழுதும் கட்டங்கள்) 2016இல் வந்த எக்ஸிஃப் 2.31இல்தான் சேர்ந்தன. பழைய படங்களில் அந்தக் கேமராவின் கடிகாரம் அன்றைக்கு என்ன காட்டியதோ அவ்வளவுதான்.

போன் தன் நேரத்தை நெட்வொர்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். கேமராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. ஒரே நிகழ்ச்சியைப் போனிலும் கேமராவிலும் எடுத்திருந்தால் வரிசை கலைந்து, விருந்தினர்கள் வருவதற்கு முன்பே விடைபெற்றுக்கொண்டிருப்பார்கள். இதைச் சரிசெய்ய இரண்டிலும் பதிவான ஒரே கணத்தைத் தேடினேன். ஒரு விழாவில் மேடையில் பரிசை வாங்கக் கை நீட்டும் கணம் அப்படிக் கிடைத்தது. போன் படத்தில் 18:32:05, கேமராவில் 17:19:25. கேமரா 1 மணி 12 நிமிடம் 40 நொடி பின்தங்கியிருக்கிறது. எக்ஸிஃப்டூலில் அந்தக் கேமராவின் தொடர் எண் உள்ள படங்களை மட்டும் பிரித்து, எல்லாத் தேதிப் புலங்களிலும் 1:12:40 கூட்டச் சொன்னால் ஒரே கட்டளையில் முடிந்தது. ஒரு கேமராவின் வித்தியாசம் எல்லா வருடங்களுக்கும் ஒன்றாக இருக்காது. இடையில் பேட்டரி முழுதாகத் தீர்ந்து கடிகாரம் அழிந்திருந்தால் மறுபடி வேறு கணக்கு. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி சரிபார்த்தேன்.

அதே கணம் இரண்டிலும் இல்லையா? படத்தில் சுவர்க்கடிகாரம், ரயில் நிலையத் தகவல் பலகை, யாருடைய கைக்கடிகாரமாவது இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நொடி சுத்தமாக வராது. வரிசைக்கு அது போதும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எக்ஸிஃப் இருக்காது, அனுப்பும்போதே கழன்றுவிடுகிறது. ஆண்ட்ராய்டு போனில் கோப்பின் பெயரில் எட்டு இலக்கத் தேதி இருக்கும். ஆனால் அது படம் கைமாறிய தேதி, எடுத்த தேதி அல்ல. இருபது வருடத்துக்கு முந்தைய படத்தை நேற்று யாராவது அனுப்பியிருந்தால் அதற்கும் நேற்றைய தேதிதான். அவற்றுக்குத் தற்காலிகமாகப் பெயரில் உள்ள தேதியைக் கொடுத்து ‘தேதி ஐயம்’ என்று ஒரு குறிச்சொல்லும் போட்டேன். அதேபோல் ஸ்கேன் செய்த பழைய படங்கள். அவற்றில் தேதி இருந்தால் அது ஸ்கேன் செய்த நாளாகத்தான் இருக்கும். எக்ஸிஃப் தேதியில் வருடத்தை மட்டும் எழுதி நிறுத்த முடியாது. எக்ஸ்.எம்.பி. என்ற பிந்தைய முறையில் 1987 என்று மட்டும் எழுதலாம். வரிசைப்படுத்தும் மென்பொருள்களுக்கு எக்ஸிஃப் வேண்டும் என்பதால், அதில் அந்த வருடத்தின் ஜனவரி 1, நண்பகல் 12:00 என்று வைத்து, ‘தோராயம்’ என்ற குறிச்சொல்லையும் சேர்த்தேன். அந்தக் குறிச்சொல் உள்ள படங்களின் கீழே தளத்தில் வருடம் மட்டும் வரும்.

<b>பெயரும் குறிப்பும், தமிழில்</b>

கேமரா வைக்கும் நான்கு இலக்க எண் 9999 ஆனதும் மறுபடி 0001க்குத் திரும்பும். எனவே வேறு வேறு படங்கள் ஒரே பெயரில் இருப்பது சகஜம், ஒரே அடைவில் நகலெடுத்தால் ஒன்று இன்னொன்றை விழுங்கிவிடும். எல்லாக் கோப்புகளுக்கும் எடுத்த நேரத்தையே பெயராக்கினேன்: 2014-08-17_183205. ஒரே நொடியில் இரண்டு இருந்தால் கடைசியில் ஒரு வரிசை எண். இதையும் எக்ஸிஃப்டூலே செய்கிறது. அடைவுகள் வருடம், அதற்குள் மாதமும் நிகழ்ச்சியும். ஆள் வாரியாக அடைவு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு படத்தில் நாலு பேர் இருந்தால் எந்த அடைவில் போடுவது? ஆட்களுக்குக் குறிச்சொல்தான் சரி.

கோப்புப் பெயரையும் அடைவுப் பெயரையும் தமிழில் வைக்கலாமா? ஆசைதான். சோதித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டேன். ‘தோட்டம்’ என்று ஓர் அடைவு வைப்போம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் இந்த ஓகாரத்தை இரண்டு விதமாக எழுதலாம்: ‘ோ’ என்ற ஒரே குறியாக, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் முதலாவது 21 பைட், இரண்டாவது 24 பைட். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பிரித்து எழுதியே சேமிக்கும். லினக்ஸ் சேவையகம் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும், இரண்டையும் வெவ்வேறு பெயராகவே பார்க்கும். பக்கத்தில் நாம் தட்டச்சு செய்த இணைப்பு ஒட்டிய வடிவம், சேவையகத்தில் உள்ள அடைவு பிரிந்த வடிவம் என்றால், விடை 404, ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பிழைச் செய்தி. எதிரே அடைவு இருக்கிறது, பெயரும் சரியாக இருக்கிறது, படம் மட்டும் வராது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத கோளாறு இது. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். போதாததற்கு, முகவரியை நகலெடுத்து யாருக்காவது அனுப்பினால் ‘தோட்டம்’ என்ற ஒரு சொல் விழுக்காட்டுக் குறிகளோடு 63 எழுத்தாக விரியும். ஆகவே பெயர்கள் எண்ணிலும் ஆங்கிலச் சிறிய எழுத்திலும் மட்டும். கோப்பின் பின்னொட்டையும் சிறிய எழுத்தாக்கிவிட வேண்டும். லினக்ஸ் அதிலும் கறார்.

தமிழ் எல்லாம் குறிப்புக்குள். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. படக் குறிப்பை எழுத மூன்று தலைமுறைப் புலங்கள் உள்ளன. எக்ஸிஃபில் உள்ள விவரிப்புப் புலம், 2023இல் எக்ஸிஃப் 3.0 வரும்வரை, வெறும் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்துகளுக்கானதாகவே இருந்தது. அச்சு இதழ்க் காலத்து ஐ.பி.டி.சி. புலங்களில் தமிழ் எழுதலாம், ஆனால் யூடிஎஃப்-8 (யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறை) என்று தனியாக அறிவிக்க வேண்டும். அதோடு ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் உச்சம். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் என்பதால் 21 குறிக்கு மேல் போகாது. ‘கல்லூரித் தோழர்கள் சந்திப்பு’ என்று எழுதினால் ‘கல்லூரித் தோழர்கள் சந்’ என்பதோடு அறுந்துவிடும். எக்ஸ்.எம்.பி.யில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, யூனிகோடும் இயல்பாகவே உண்டு. படங்களை ஒழுங்குபடுத்த உதவும் டிஜிகேம் மென்பொருளின் அமைப்புகளில் குறிப்பு, குறிச்சொல், நட்சத்திரம் எல்லாவற்றையும் கோப்புக்குள் எழுதும்படி சொல்லிவிட்டு, தமிழுக்கு எக்ஸ்.எம்.பி.யை மட்டும் நம்பினேன். எழுதிய பிறகு எக்ஸிஃப்டூலில் திறந்து உண்மையிலேயே உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. சில மென்பொருள்கள் எழுதியதாகக் காட்டும், தன் தரவுத்தளத்தில்தான் எழுதியிருக்கும்.

பொறுக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் சுற்றில் மங்கல், கை நடுக்கம், தரையைப் பார்த்த படங்கள் போயின. இரண்டாம் சுற்றில் நட்சத்திரம் போட்டேன். நான்குக்கு மேல் வாங்கியவை தளத்துக்குத் தகுதியானவை. ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுத வேண்டும் என்று கட்டாயம் வைத்துக்கொண்டால் இந்த வேலை முடியவே முடியாது. தளத்துக்குப் போகும் படங்களுக்கு மட்டும் எழுதினேன்: யார், எங்கே, அப்புறம் படத்தில் தெரியாத ஏதாவது ஒன்று.

<b>தளம்</b>

தரவுத்தளம், நிர்வாகப் பலகை எதுவும் இல்லாத நிலையான பக்கங்கள். ஒரு பைத்தான் நிரல், எக்ஸிஃப்டூல் தரும் பட்டியலைப் படித்து, நட்சத்திரமும் ‘தளம்’ என்ற குறிச்சொல்லும் உள்ள படங்களைப் பொறுக்கி, சிறு நகல்கள் செய்து, பக்கங்களை எழுதி வைக்கிறது. ஹ்யூகோ போன்ற ஆயத்தக் கருவிகளும் இதைச் செய்யும். தமிழ்க் குறிப்புகளை என் விருப்பப்படி கையாள வேண்டும் என்பதால் நானே எழுதினேன்.

சிறு நகல் செய்வதற்கு இமேஜ்மேஜிக் என்ற கருவி. இதில் வரிசைதான் முக்கியம். போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும் பெரும்பாலான போன்கள் படத்தைப் படுக்கையாகவே சேமித்து, எக்ஸிஃபில் திசைப் புலத்தில் 6 என்று எழுதி வைக்கும். ‘காட்டும்போது வலப்பக்கமாக 90 பாகை திருப்பு’ என்று அதற்குப் பொருள். இடத் தகவலை நீக்க வேண்டும் என்று முதலில் எக்ஸிஃபைக் கழற்றினால் அந்த 6ம் போய்விடும், ஆட்கள் எல்லாரும் படுத்துவிடுவார்கள். நிறத்திலும் இதே சிக்கல். இப்போதைய பல போன்கள் பி3 என்ற விரிந்த நிறவெளியில் எடுக்கின்றன. அந்த நிறக் குறிப்பைக் கழற்றிவிட்டால் உலாவி அதை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறவெளி என்று எண்ணிக்கொண்டு வெளிறிப்போன படமாகக் காட்டும். ஆகவே முதலில் புள்ளிகளையே திருப்புவது, பிறகு எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுவது, அதன் பிறகு அளவு குறைத்து லேசாகக் கூர்மையாக்குவது, கடைசியில்தான் தகவல்களைக் கழற்றுவது. கழற்றிய பிறகு குறிப்பையும் உரிமையாளர் பெயரையும் மட்டும் திரும்ப எழுதுகிறேன்.

எதற்காகக் கழற்ற வேண்டும்? வீட்டில் எடுத்த படத்தின் ஜிபிஎஸ் எண்கள் வீட்டு வாசலையே காட்டிக் கொடுக்கும். பலருக்குத் தெரியாத இன்னொன்று, எக்ஸிஃபுக்குள் ஒரு குட்டிப் படமும் இருக்கும். ஓரத்தில் நின்றவரை வெட்டிவிட்டோம் என்று நினைத்திருப்போம், சில மென்பொருள்கள் அந்தக் குட்டிப் படத்தைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கும், அதில் அவர் அப்படியே நின்றுகொண்டிருப்பார்.

ஐஓஎஸ் 11 வந்த 2017 முதல் ஐபோன் எடுக்கும் எச்.இ.ஐ.சி. படங்களை குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் காட்டாது. மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு தளத்துக்கு ஜேபெக் நகல் எடுத்தேன். வெப்பி, ஏவிஃப் வடிவங்களில் கோப்பு இன்னும் சிறிதாகும் என்பது உண்மைதான். ஆனால் பார்ப்பவர் படத்தைச் சேமித்து வைத்துக்கொள்ள விரும்பினால் 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் எதிலும் திறக்கும். இந்தத் தளத்தின் வாசகர்கள் உறவினர்களும் நண்பர்களும்தான், அவர்கள் சேமிக்கத்தான் போகிறார்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் 480, 960, 1600 புள்ளி அகலத்தில் மூன்று நகல்கள், தரம் 80. மூன்று முகவரிகளையும் கொடுத்துவிட்டால் திரைக்கு ஏற்றதை உலாவியே எடுத்துக்கொள்ளும். படத்தின் அகலம், உயரம் இரண்டையும் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் ஒவ்வொரு படம் வந்து சேரும்போதும் பக்கம் கீழே குதிக்கும், படித்துக்கொண்டிருந்த வரி காணாமல் போகும். திரைக்குக் கீழே உள்ள படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கச் சொல்லும் பண்பும் உண்டு. முதலில் தெரியும் படங்களுக்கு அதைப் போட வேண்டாம், அவை தாமதமாகும்.

சதுரச் சதுரமாக வெட்டி அடுக்கும் தோற்றம் எனக்குப் பிடிக்காது, குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பவருக்கு எப்போதும் தலை போகும். வெட்டாமலே வரிசை கட்ட ஒரு வழி இருக்கிறது. பக்கத் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் மொழியின் ஃபிளெக்ஸ் அமைப்பில் ஒவ்வொரு படத்தின் வளரும் அளவையும் அதன் அகல உயர விகிதமாகவே கொடுத்து, தொடக்க அகலத்தை அந்த விகிதம் பெருக்கல் 220 புள்ளி என்று வைத்தால், ஒரு வரிசையில் எல்லாப் படங்களும் ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும். கடைசி வரிசையில் ஒரே ஒரு படம் மிஞ்சினால் அது பக்கம் முழுக்க ஊதிவிடும். அதைத் தடுக்க, வளரும் அளவு மிகப் பெரிதான ஒரு வெற்றுப் பெட்டியைக் கடைசியில் வைத்தேன்.

படத்தைச் சொடுக்கினால் இருட்டுத் திரையில் மேலெழும் பாணியை எடுத்துவிட்டேன். போனில் பின்செல்லும் பொத்தானை அழுத்தியதும் படம் மூடுவதற்குப் பதில் தளத்தைவிட்டே வெளியேறுவது அந்தப் பாணியில் அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு படத்துக்கும் சொந்தப் பக்கம், சொந்த முகவரி. ‘இந்தப் படத்தில் பின்னால் நிற்பது யார்?’ என்று கேட்டு அந்த இணைப்பை மட்டும் ஒருவருக்கு அனுப்பலாம்.

குறிச்சொல் பட்டியலை அகரவரிசையில் காட்டும்போது இன்னொரு தமிழ்ச் சிக்கல் வந்தது. யூனிகோடு எண் வரிசையில் ‘ன’, ‘ந’ என்ற எழுத்துக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, மெய்யெழுத்தின் புள்ளியோ எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால். அப்படியே வரிசைப்படுத்தினால் ‘அகம்’ முன்னும் ‘அக்கா’ பின்னும் வரும், ‘அன்னம்’ ‘அம்மா’வை முந்திவிடும். யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியூ என்ற நிரல் நூலகத்தின் தமிழ் வரிசை விதியைப் பயன்படுத்தினால் அகராதியில் உள்ளபடி வந்துவிடுகிறது. உலாவியில் செய்வதானால் ஜாவாஸ்கிரிப்டின் ஒப்பீட்டுக் கருவியிலேயே தமிழைக் குறிப்பிடலாம், தனி நூலகம் தேவையில்லை.

குழந்தைகள் உள்ள படங்கள் கடவுச்சொல் கேட்கும் தனி அடைவில். தேடுபொறிகளுக்கு வேண்டாம் என்று சொல்லும் குறியீடு மொத்தத் தளத்துக்கும். அது வேண்டுகோள்தான், பூட்டு இல்லை. பூட்ட வேண்டியதற்குக் கடவுச்சொல்தான். காப்பு நகல்களுக்குப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் சொன்ன 3-2-1 கணக்கு: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். தளத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இணைப்புகளை அனுப்ப ஆரம்பித்ததும் திருத்தங்கள் வரத் தொடங்கின: அது அந்த வருடம் இல்லை, அது பெரியவர் இல்லை அவர் தம்பி. டிஜிகேமில் குறிப்பைத் திருத்தி நிரலை ஓட்டினால் போதும். பட ஹாஷ் மாறாததால் சிறு நகல்களை அது மறுபடி செய்வதில்லை, எழுத்து மட்டும் புதிதாகிறது.

வீடியோக்களை இன்னும் சேர்க்கவில்லை. எம்பி4 கோப்பில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. போன்கள் பெரும்பாலும் அதன்படி எழுதுகின்றன, பல கேமராக்கள் உள்ளூர் நேரத்தையே எழுதிவிடுகின்றன. கோப்பைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்ல முடியாது. பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் தேர்வு எக்ஸிஃப்டூலில் உண்டு. எந்தச் சாதனத்துக்கு அதைப் போடுவது, எதற்குப் போடக் கூடாது என்ற பட்டியலைத்தான் இப்போது தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.